தறிக்கு எதிரே சாலிட் மெக்கானிக்ஸ்

1972 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்துவிட்டு, குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பானையில் நிரப்பினேன். எங்கள் வீட்டில் அது என் வேலை. கோயிலுக்குப் போய்வந்தேன். சூரியன் வந்தபிறகு இட்லி. ஏழு மணியிலிருந்து மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் கணக்குப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தேன். கேரியரில் புத்தகத்தையும் ஓரடி மரஸ்கேலையும் வைத்துக் கட்டிக்கொண்டு திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்குப் புறப்பட்டேன்.

அந்த மாதத்தில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போயின. நாட்குறிப்பில் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் தேதியைத் தவிர அதிக வித்தியாசமில்லை. செவ்வாய்க்கிழமையை மட்டும் தனியே எடுத்து எழுதுவதற்குக் காரணம் அன்று பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு நடந்தவை.

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். முடித்திருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஏப்ரல் தேர்வில் சாலிட் மெக்கானிக்ஸ் தாள் போய்விட்டது. ஓர் உத்திரத்தின்மேல் பாரம் வைத்தால் அதற்குள்ளே என்ன நடக்கிறது, எங்கே வளைகிறது, எங்கே அறுந்துபோகப் பார்க்கிறது என்று கணக்கிடும் பாடம் அது. அந்தத் தாள் தேறாமல் நான்காம் ஆண்டு வகுப்பில் உட்கார முடியாது. என்னோடு படித்தவர்கள் ஜூலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அக்டோபரில் மறுதேர்வு. அதில் தேறினால் அடுத்த ஜூலையில் நான்காம் ஆண்டு, அதிலும் போனால் அதற்குமேல் இன்னொரு வருஷம் வீடுதான்.

ஏன் போயிற்று என்று யாராவது கேட்டால் படிக்கவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். உண்மையில் படித்தேன். தனியாகப் படித்தேன். எங்கள் விடுதியில் சாலிட் மெக்கானிக்ஸ் நடந்த இடம் வகுப்பறை அல்ல, சாப்பாட்டுக் கூடம். வகுப்பில் விரிவுரையாளர் பலகையைப் பார்த்துப் பேசுவார். மணி அடித்ததும் கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். இரவு ஏழரைக்கு மேல், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், நான்காம் ஆண்டு மாணவர்கள் ஈர விரலால் மேசையில் உத்திரம் வரைந்து காட்டுவார்கள். எந்தக் கேள்வி வரும், எதை விட்டுவிடலாம், எந்த இடத்தில் எல்லாரும் தவறு செய்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நான் அங்கே இருக்கமாட்டேன். நாங்கள் சமணர். சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை. மெஸ்காரரிடம் சொல்லி வைத்து, மாலை ஐந்தரை மணிக்கு, கழுவிக் கவிழ்த்த தட்டுகளும் வெறும் பெஞ்சுகளுமாக இருக்கும் கூடத்தில், மதியச் சோற்றையும் மோரையும் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவேன். பசி இல்லாதவன் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குப் போய் என்ன செய்வது? இரண்டு முறை போய் உட்கார்ந்தேன்.

"டேய், ஆறு மணி வந்துட்டான்டா. சூரியனைக் கொஞ்சம் கட்டி வைக்கச் சொல்லுங்க, இவன் இன்னும் மோர் ஊத்திக்கல" என்றான் ஒருவன்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு விடுதியில் என் பெயர் 'ஆறு மணி' ஆயிற்று. மூன்றாவது முறை நான் போகவில்லை.

ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒன்று உண்டு. இரும்புக் கம்பியை இயந்திரத்தில் மாட்டி இரண்டு பக்கமும் இழுப்போம். முள் மெதுவாக ஏறும். கம்பியின் நடுவில் கழுத்துப்போல ஓர் இடம் மெலியும். பிறகு பட்டாசு வெடித்தாற்போல அறுந்துவிழும். அறுந்த துண்டைக் கையில் எடுத்தால் சூடாக இருக்கும் என்று சொல்வார்கள். எங்கள் குழுவின் முறை வந்த அன்று இயந்திரத்தில் ஏதோ கோளாறு. ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. கழுத்து விழத் தொடங்கியபோது சாப்பாட்டு நேரம் தப்பிவிடும் என்று நான் கிளம்பிவிட்டேன். பாதி மைதானத்தைக் கடந்தபோது பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அளவுகளை மறுநாள் பக்கத்து இருக்கைக்காரனிடம் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தச் சூடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதே தாளில் ஏப்ரலில் தவறிய இன்னொருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவனும் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் குடும்பம். கல்லூரியில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஊரில் வந்து விழுந்தபிறகுதான் நெருங்கினோம். அவனை விட்டால் இந்த ஊரில் அந்தப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் கிடையாது. அவனுக்கும் அப்படித்தான். அவன் எழுதினால் நானும் எழுதுவேன். அவன் எழுதாமல் நின்றுவிட்டால் நான் தனியாக எழுத வேண்டும். தனியாக எழுதினால் என்ன ஆகும் என்பதை ஏப்ரலில் பார்த்தாயிற்று.

சிக்கல் நேரத்தில் இருந்தது. அவன் அப்பா நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா, குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை. ஒரே ஆளால் முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள ஒருவர் உட்கார வேண்டும். அந்த வேலை பார்த்த கூட்டாள் ஆடி மாதம் ஆரணிக்குப் போய்விட்டான். வீட்டில் சும்மா இருந்த என் நண்பன் அந்த இடத்தில் உட்கார்ந்தான். வெளிச்சம் இருக்கும்வரை அவன் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. விளக்கு வைத்தபிறகு அவனுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் அதற்குள் நான் வீட்டில் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.

முதல் நாளே அவன் அம்மா கேட்டார். "இங்கயே சாப்ட்டுட்டுப் படிக்கறதுதானே தம்பி? அஞ்சு மணிக்கே போட்டுடறேன்."

கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் நாங்கள் சேர்ப்பதில்லை என்று சொன்னேன்.

"வெங்காயம்கூட வேணாமா? அப்ப இன்னாத்தைப் போட்டுதான்பா உங்க ஊட்ல கொழம்பு வைக்கிறாங்க?"

"புளி ஊத்தி."

"சரியாப் போச்சு" என்று சிரித்தார். மறுநாளிலிருந்து எனக்காக ஒரு சொம்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி மூடி வைத்திருப்பார். சாப்பாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆகவே நாங்கள் படித்தது தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே. தறிப் பலகையில் அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களைத் தறிக்குழிக்குள் விட்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் பாவு, மூன்று சேலைக்கான நெடுக்கு நூல், அறையின் மறுகோடிவரை நீண்டிருக்கும். அந்த அறையில் எனக்கு மிச்சமிருந்த இடம் பாவுக்கு அந்தப்பக்கம், சுவரோரம், அவர்கள் முகத்தைப் பார்த்தபடி. அங்கே சப்பணமிட்டு உட்காருவேன். பேச முடியாது. தறிச்சத்தம் ஒன்று. வேலைக்கு நடுவில் பேச்சு கொடுத்தால் எண்ணிக்கை தப்பும் என்று அவன் அப்பாவுக்குப் பிடிக்காது என்பது இன்னொன்று. அதனால் கையால் காட்டுவேன்.

அப்போது கான்டிலீவர் அத்தியாயத்தில் இருந்தோம். ஒரு முனை சுவருக்குள் புதைந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் உத்திரம். வீட்டு ஜன்னலுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மழைத் தடுப்பைப் போல. ஸ்கேலின் ஒரு முனையை இடது கையால் இறுக்கிப் பிடிப்பேன். அந்தக் கைதான் சுவர். வலது கை விரல்களால் பாரம் எத்தனை டன், எத்தனை மீட்டரில் என்று காட்டுவேன். பாரம் உத்திரம் முழுவதும் பரவியிருந்தால் உள்ளங்கையால் ஸ்கேலை நீளவாக்கில் தடவிக் காட்டுவேன். அவன் நாடாவைத் தள்ளிக்கொண்டே பார்ப்பான். மனக்கணக்கு அவனுக்கு நன்றாக வரும். நாடாவில் நூல் தீர்ந்து அவன் அப்பா மாற்றும் இடைவெளியில் விடையைச் சொல்வான். இரண்டு விடை. வெட்டு விசை, அதை ஷியர் என்போம். வளைவுத் திருப்பம், அது மொமென்ட். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் வேண்டும், பிளஸ் மைனஸ் குறியும் வேண்டும். நான் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பேன். புத்தகம் ஒன்றே ஒன்றுதான். கல்லூரி நூலகத்தில் என் அட்டைக்கு எடுத்தது. அதனால் என்னிடமே இருந்தது.

எண் எப்போதும் சரியாக இருக்கும். மொமென்டின் குறியும் சரியாக இருக்கும். ஷியரின் குறி மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பாக வரும். ஒரு வாரமாக இப்படி. அவன் இரவில் தனியே உட்கார்ந்து, பகலில் பார்த்த உத்திரங்களை நினைவிலிருந்து வரைந்து, முதலிலிருந்து போட்டுப் பார்ப்பான். மறுபடியும் அதே மைனஸ். ஏப்ரல் தாளில் இந்தக் குறிகளில்தான் மதிப்பெண் போயிற்று என்று அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. எனவே ஒவ்வொரு மைனஸும் அவனை அந்தத் தேர்வுக்கூடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கும் அவன் அடிப்படையிலேயே எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது பழைய பாவு முடியும் தறுவாயில் இருந்தது. மூலையில் அவன் அம்மா ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குக் கடைசிச் சேலையை அறுத்து மடித்துவைத்தார் அவன் அப்பா. பலகையிலிருந்து இறங்காமலேயே இடுப்பை நெட்டிமுறித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல புதுப் பாவு ஏத்தறோம்" என்றார். "இன்னாடா சொல்ற?"

அவன் கரை நாடாவில் மிச்சமிருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நீயாவது சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்தார். "இவன் பரிச்சை எழுதுவானா, மாட்டானா? எழுதறான்னா நான் வேற கூட்டாளு பாக்கணும். பாவுல ஒருத்தன் உக்காந்துட்டான்னா மூணு சேலையும் முடியற வரைக்கும் அவனே உக்காரணும். நடுவுல கை மாறினா கரையில காட்டிக் குடுத்துடும். வாங்கறவன் கண்ணு நேரா அங்கதான் போவும்."

மூன்று சேலை முடிவதற்குள் அக்டோபர் தேர்வு வந்து போய்விடும்.

"எழுதுவான்" என்றேன்.

"அவன் வாயில இருந்து வரட்டும். பொழுது போறதுக்குள்ள சொல்லிடச் சொல்லு. ராத்திரி பாவு எடுத்தாரப் போவணும், அப்பவே கூட்டாளுக்கும் சொல்லணும் இல்ல?" அவர் எழுந்து முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

ஒரு கணக்காவது சரியாக வந்தால் அவனுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். புத்தகத்தில் இருப்பதிலேயே எளிதான ஒன்றை எடுத்தேன். மூன்று மீட்டர் கான்டிலீவர், முனையில் நான்கு டன். தறி நின்றுவிட்டாலும் பழக்கத்தில் இருந்த இடத்திலிருந்தே ஸ்கேலைப் பிடித்துக் காட்டினேன். அவன் ஒரு முறை பார்த்தான்.

"மொமென்ட் மைனஸ் பன்னண்டு. ஷியர் மைனஸ் நாலு."

"மொமென்ட் சரி. ஷியர் பிளஸ்."

"மைனஸ்டா."

"புக்குல பிளஸ் போட்டிருக்குது."

"நல்லாப் பாரு."

"நான் சொல்லலடா, புக்கு சொல்லுது. கொஞ்சம் கவனமாப் போட்டா வந்துடும்."

விடைத்தாளைத் திருப்பித் தரும்போது எங்கள் விரிவுரையாளர் எல்லாரிடமும் சொல்லும் வாக்கியம் அது. அவன் முகம் மாறியது.

"ஒரு வாரமா கவனமாத்தான் போட்டுக்கினு இருக்கறேன். மூணு வருஷம் படிச்சவனுக்கு ஒரு பிளஸ்ஸு மைனஸு தெரியல. நான் எழுதி இன்னா கிழிக்கப் போறேன்?"

"அதுக்கில்லடா…"

"நீ கெளம்புடா ஆறு மணி. உனக்கு நேரமாயிடும் பாரு."

கல்லூரியில்கூட அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமல் இருந்தது அவன் ஒருவன்தான். நேரம் நாலரைகூட ஆகவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னாத்துக்குடா அந்தப் புள்ளையை வெரட்டற?" என்றார் அவன் அம்மா. "தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போப்பா."

குடிக்காமல் வந்துவிட்டேன்.

வேகவதி ஆற்றில் அந்த வருஷமும் தண்ணீர் இல்லை. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். அக்டோபர் தேர்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் தெரியாத கல்லூரிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் இருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் தேர்வில் நான் தவறினால் அதைப் பற்றிப் பேசக்கூட ஆள் இருக்காது.

வீட்டில் சொர்ணவாரிப் பருவத்து நெல் வந்து இறங்கியிருந்தது. நாங்கள் வழக்கமாக வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சுவரோரம் முழுவதும் மூட்டைகள். அதனால் அம்மா அன்று அப்பாவுக்கும் எனக்கும் எதிரெதிராக இலை போட்டிருந்தாள்.

"இன்னா, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

அம்மா என் இலையின் இடதுகோடியில் உப்பு வைத்தாள். திரும்பி அப்பா இலையின் இடதுகோடியில் வைத்தாள். என் இலையின் நுனி வாசல் பக்கம் இருந்தது. அப்பா இலையின் நுனி அடுப்படிப் பக்கம். சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் நுனி வரவேண்டும் என்று பார்த்துப் போட்டிருந்தாள். இரண்டும் சரியாகத்தான் போடப்பட்டிருந்தன. நான் கையைச் சோற்றில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

"உப்பு பத்தலியா?" என்றாள் அம்மா.

நான் இடது கையால் பிடித்த சுவர் எனக்கு இடப்பக்கம். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு அது வலப்பக்கம். கான்டிலீவரில் சுவர் பக்கம் மாறினால் ஷியரின் குறி மாறும். மொமென்டின் குறி மாறாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உத்திரம் ஒரே மாதிரிதான் தொங்குகிறது, அதனால் அது மாறாது. மொமென்ட் எப்போதும் ஒத்துப்போனதால்தான் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அவன் பார்த்த உத்திரத்துக்கு அவன் சொன்ன விடை சரி. ஒரு வாரமாக, ஒவ்வொரு முறையும்.

வேகமாகச் சாப்பிட்டேன். கை கழுவும்போது மதில்மேல் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

"மறுபடியும் எங்கடா?" என்றார் அப்பா.

"பாளையத்துக்கு. ஒரு கணக்கு சொல்லணும்."

"சைக்கிள்ல லைட்டு இல்ல. போலீஸ்காரன் புடிச்சிக்குவான்."

நடந்தே போனேன்.

அந்தத் தெருவை இருட்டியபிறகு நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டுத் தறிகளும் நின்றிருந்தன. பகலில் நான் கேட்டே இராத சின்னச் சத்தங்கள் கேட்டன. ஒரு வீட்டில் ரேடியோவில் செய்தி, ஒரு வீட்டில் பாத்திரம் தேய்ப்பது, ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்வது. இதுதான் அவன் படிக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழப்போனான். நான் உட்காரச் சொன்னேன். அவன் அப்பா இல்லை, பாவு எடுத்துவரப் போயிருந்தார்.

"மணி ஏழாவுது, இன்னாடா இந்த நேரத்துல?" என்றான்.

"கை கழுவிட்டு வா."

வந்ததும் பலகையில் அவனை உட்காரவைத்து, அவன் அப்பா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பாவில்லாத தறி எங்கள் முன்னால் வெறுமையாக நின்றது. ஸ்கேலை இடது கையில் பிடித்தேன்.

"சொவுரு எந்தப் பக்கம்?"

"இடது."

"ஷியர்?"

"பிளஸ்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "இது வேற கணக்கு."

"அதே கணக்குதான். நான் இவ்ளோ நாளும் எங்க உக்காந்திருந்தேன்?"

அவன் எதிர்ச் சுவரோரத்தைப் பார்த்தான். பிறகு ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தான். தறியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். சுவரோரம் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். என்னைப் போலவே முதுகை வளைத்துக்கொண்டு, என்னைப் போலவே இடது கையால் ஸ்கேலை இறுக்கிப் பிடித்து, நாலு விரல் காட்டினான்.

"சொல்லுடா."

எனக்குச் சுவர் வலப்பக்கம் தெரிந்தது.

"மைனஸ் நாலு" என்றேன்.

"கொஞ்சம் கவனமாப் போட்டா வந்துடும்" என்றான்.

அவன் சிரித்ததைக் கேட்டு உள்ளேயிருந்து அவன் அம்மா எட்டிப்பார்த்தார். "சண்டை தீந்துதா? இன்னாடா அது, ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்துக்கினு?"

"ஒண்ணுமில்லமா. நான் மக்கு இல்லியாம்."

"அதை நான் சொன்னா கேக்கமாட்ட" என்று உள்ளே போய்விட்டார்.

அவன் எழுந்துவந்து மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக நாங்கள் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். பாரம் பரவிய கான்டிலீவர், நடுவில் இன்னொரு தனிப் பாரம். அவன் காகிதத்தில் வரைய, நான் எண்களைச் சொன்னேன். இரண்டு படமும் வந்தன, குறி உட்பட. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டும். தேர்வு முடிந்துவிட்டாற்போலவே இருந்தது. இனிமேல் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு இப்படியே நடந்துவந்துவிடலாம், ஏன் இது முன்பே தோன்றவில்லை, அடுத்த அத்தியாயத்தை வியாழக்கிழமைக்குள் முடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்டா" என்றான்.

"இன்னான்னு?"

"நாளைக்கு நானே உக்காந்துக்கறேன்னு. நீ போனதுமே சொல்லிட்டேன்."

"அதனால இன்னா? இப்ப வந்ததும் மாத்திச் சொல்லு."

"சொல்லலாம்." பென்சிலைக் காகிதத்தின்மேல் உருட்டினான். "மாத்திச் சொன்னா அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"அப்புறம்?"

"ஒரு வாரமா எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு உக்காந்திருந்தேன். ராத்திரில தூக்கம் வரல. இப்ப தெரிஞ்சிடுச்சு இல்ல, எனக்கு வரும்னு. அது போதும்போல இருக்குதுடா."

எனக்குப் புரியவில்லை. அது தெரிந்தால் எழுதுவான் என்றுதான் நான் இருட்டில் நடந்துவந்தேன். அதைத்தான் சொன்னேன்.

"வரும்னு தெரிஞ்சா எழுதணும்னு இருக்குதா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "வராததால உக்காந்தா கடைசி வரைக்கும் அரிச்சிக்கினே இருக்கும். இது அப்படி இல்ல. நீ எழுது. உனக்கு வந்துடும்."

வாசலில் அவன் அப்பா வந்தார். தோளில் சுருட்டிய பாவு, குறுக்கே கழியோடு. பட்டு நூல் புதிதாகச் சாயமேறிய வாசனை அறைக்குள் வந்தது.

"இன்னாப்பா, இருட்டுல வந்துருக்கற? உங்க ஊட்ல உட்டாங்களா?"

"ஒரு கணக்கு இருந்ததுங்க."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

என் நண்பன் எழுந்துபோய், யாரும் சொல்லாமலே கழியின் மறுமுனையைப் பிடித்து இறக்கினான். அவர் மகன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் பாவைச் சரிபார்க்கக் குனிந்தார். விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொன்னார்கள், நான் கொண்டுபோய்ப் பிடித்தேன். அவர்கள் இருவரும் நூலைத் தொட்டுப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் எனக்குச் சில சொற்கள் புரியவில்லை. சிறிது நேரத்துக்குப்பின் விளக்கை மாட்டிவிட்டு விடைபெற்றேன்.

"நாளைக்கு வருவ இல்ல?" என்றான் அவன்.

"வரேன்" என்றேன். போகவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு நாள் போனேன். கரை பச்சை, உடல் அரக்கு. நன்றாக வந்திருந்தது. என்ன படிக்கிறாய் என்று கேட்டான். சொன்னேன். தறி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. தேர்வில் நான் தேறினேன், ஆனால் அடுத்த ஜூலையில் நான் போய் உட்கார்ந்த வகுப்பில் எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவன் அந்தத் தாளை எழுதவே இல்லை. இப்போது அவன் வீட்டில் நான்கு தறி என்று கேள்வி. நான் பாலங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்துவிட்டேன். வரைபடத்தை விரித்ததும், எந்தக் கரையில் நின்று பார்த்து வரைந்தது என்று முதலில் கேட்பேன். இளைய பொறியாளர்களுக்கு அது அனாவசியமாகத் தோன்றுகிறது.

அன்றிரவு மணலைக் கடக்கும்போது நிலா இல்லை. கோயில் பக்கத்து விளக்கை வைத்து வழி பிடித்து வந்தேன். அம்மா கதவைத் திறந்து, கணக்கு வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். நாட்குறிப்பில் அன்றைய வேலைகளை வரிசையாக எழுதினேன். 'மாலை: பாளையம் இரண்டாம் முறை, நடை' என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. எழுந்ததும் குளிக்கப் போகாமல், கொட்டகை அறையில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன். முறுக்கு விசை, ஓர் இரும்புத் தண்டைத் திருகினால் என்ன ஆகும் என்ற கணக்கு. முதல் கணக்கை வாய்விட்டு வாசித்தேன், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தி.

"யாரு வந்துருக்கறாங்க, இவ்ளோ காலங்காத்தால?" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"யாருமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, தண்டின் படத்தை வரையத் தொடங்கினேன்.